ஷெல்செக்: கோப்பின் பெயரில் ஒட்டிக்கொள்ளும் எழுத்தை அது எவ்வளவு தூரம் பிடிக்கிறது?

திருகோணமலையிலுள்ள சிறிய கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு மாதாந்தக் கணக்கறிக்கைகளை ஊர்வாரியாகத் தயாரித்துக் கொடுக்கும் வேலையை நான் செய்து வருகிறேன். உப்புவெளி, கிண்ணியா, குச்சவெளி, சாம்பல்தீவு, திருகோணமலை, நிலாவெளி, மூதூர் என மாதத்துக்கு ஏழு கோப்புகள். ஒவ்வொன்றின் பெயரும் ஊரின் பெயரோடு மாத இலக்கம் சேர்ந்தது. வெற்று மாதிரிக் கோப்பு ஒன்றை இந்த ஏழு பெயர்களிலும் நகலெடுப்பதற்கு, ஊருக்கு ஒரு வரியாக, எளிய ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை, அதாவது கணினிக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு ஒன்றை வைத்திருந்தோம். ஒரு மாதம் அந்தக் கோப்புகளைப் பென்ட்ரைவுக்கு மாற்ற முயன்றபோது ஆறு கோப்புகள் செல்ல மறுத்தன. மூதூர் மட்டும் சென்றது. அந்தக் கோளாறின் வேரைத் தேடிய வழியில்தான் ஷெல்செக் என்ற கருவி எனக்கு அறிமுகமாயிற்று. ஓராண்டுக்கு மேலாக அதைப் பாவித்துவிட்டே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில் நோயைச் சொல்லிவிட வேண்டும். லினக்ஸில் கோப்பின் பெயருக்குள் எந்தப் பைட்டும் வரலாம். சாய்கோடும் பூச்சியப் பைட்டும் மட்டுமே விலக்கு. ஆகவே கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டு எழுத்து ஒன்று பெயரின் ஈற்றில் ஒட்டிக்கொண்டாலும் கணினி அதை முணுமுணுப்பின்றி ஏற்றுக்கொள்கிறது. பென்ட்ரைவில் இருக்கும் ஃபட் கோப்பு முறைமையோ குறியீட்டு எண் 32 க்குக் கீழ்ப்பட்ட எந்தக் கட்டுப்பாட்டு எழுத்தையும் பெயரில் அனுமதிப்பதில்லை. லினக்ஸ் இயங்கும் எனது மடிக்கணினியில் பிழையின்றி இருந்த கோப்புகள் பென்ட்ரைவின் வாசலில் நின்றதற்குக் காரணம் அதுவே. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை இட்டுப் பார்த்தபோது ஆறு பெயர்களும் மேற்கோள் குறிகளுக்குள் இருந்தன. ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு டொலர் குறியும், அதன்பின் பின்சாய்கோடும் ஆர் என்ற எழுத்தும் நின்றன. அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான கோர்யூட்டில்ஸின் 2016 இல் வந்த 8.25 பதிப்பிலிருந்து எல்எஸ் இவ்வாறு வெளிப்படையாகக் காட்டுகிறது. அதற்கு முன்னர் ஒரு கேள்விக்குறி மட்டுமே தெரியும். அது உண்மையான கேள்விக்குறியோ என்று மயங்கிப் போனவர்கள் பலர் இருந்திருப்பார்கள்.

பின்சாய்கோடும் ஆர் எழுத்தும் சேர்ந்து குறிப்பது 13 ஆம் எண்ணுள்ள எழுத்தை, அதாவது தட்டச்சுப்பொறியின் வண்டியை வரியின் தொடக்கத்துக்குத் திருப்பும் பழைய கட்டளையை. வின்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இதையும் 10 ஆம் எண்ணுள்ள எழுத்தையும் சேர்த்தே இடுகிறது. லினக்ஸுக்குப் பின்னது மட்டும் போதும், முன்னது அதற்கு வரியின் ஒரு பகுதியாகவே படும். எங்கள் ஸ்கிரிப்டைச் சங்கத்தின் வின்டோஸ் கணினியில் நோட்பேடில் புதிதாகத் தட்டியிருந்தோம். ஒவ்வொரு வரியும் கோப்பின் பெயரோடு முடிந்ததால், வரியின் ஈற்றிலிருந்த அந்த எழுத்து பெயரோடு சேர்ந்துவிட்டது. கடைசி வரியான மூதூரின் முடிவில் என்டர் அழுத்தப்படவில்லை. அதனால் அது மட்டும் தப்பியது. இதைப் புரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதி பெரிது, ஏனெனில் ஆறு பழுதாகி ஒன்று நன்றாக இருப்பது ஏன் என்ற கேள்வியோடு இரண்டு இரவுகள் உட்கார்ந்திருந்தேன்.

இனிக் கருவி. ஷெல்செக், ஷெல் ஸ்கிரிப்டை இயக்காமலேயே வாசித்து, அதிலுள்ள பிழைகளையும் பிழைக்கு இடம் தரும் பழக்கங்களையும் வரி எண்ணோடு சுட்டிக்காட்டும் ஒரு சோதனைக் கருவி. 2012 இலிருந்து வளர்ந்து வரும் இந்த மென்பொருள் ஹாஸ்கெல் மொழியில் எழுதப்பட்டது. ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பின் கீழ் இலவசமாகக் கிடைக்கிறது. லினக்ஸ் வகைகளான உபுண்டுவிலும் டெபியனிலும் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம், நிறுவிய பின்னர் சோதனைக்கு இணைய இணைப்புத் தேவையில்லை. அதன் இணையத்தளத்தில் ஸ்கிரிப்டை ஒட்டிச் சோதிக்கும் வசதியும் உண்டு. ஆனால் இந்தக் குறிப்பிட்ட நோய்க்கு அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். உலாவியில் நகலெடுத்து ஒட்டும்போதே வரிமுடிவுகள் மாறிவிடக்கூடும், நாம் தேடும் எழுத்து சோதனைக்கு முன்னரே உதிர்ந்துவிடும். கோப்பையே நேரடியாகக் கருவியிடம் கொடுப்பதுதான் முறை.

கொடுத்தேன். வரிக்கு வரி சிவப்பில் பிழை வந்தது: எஸ்சி 1017, வரியில் வண்டித்திருப்பு எழுத்து இருக்கிறது, அதை நீக்கும் கட்டளை இது என்று கட்டளையையும் சேர்த்தே சொன்னது. இதே கோப்பை, ஸ்கிரிப்டை இயக்கும் ஷெல்லான பேஷின் சொந்தத் தொடரியல் சோதனைக்கு முன்பு உட்படுத்தியிருந்தேன். அது ஒரு குறையும் சொல்லவில்லை, ஏனெனில் தொடரியலின்படி அங்கே குறையே இல்லை. நோயின் பெயரையும் இடத்தையும் மருந்தையும் ஒரே வரியில் தரும் கருவி எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு எழுத்துகளையும் அது பிடிக்கும். இணையப் பக்கத்திலிருந்து கட்டளையை நகலெடுக்கும்போது கூடவே வரும், சாதாரண இடைவெளி போலவே தெரியும் பிரியா இடைவெளிக்கு எஸ்சி 1018, கோப்பு யூனிகோடில் எழுதப்பட்டது என்று காட்ட அதன் தலையில் ஒளிந்திருக்கும் பைட்டு வரிசைக் குறிக்கு எஸ்சி 1082 என்று தனித்தனி இலக்கங்கள் உண்டு. வேர்டில் தட்டிய வளைந்த மேற்கோள் குறிகளுக்கும் அவ்வாறே எச்சரிக்கை வருகிறது.

இந்த நம்பிக்கையில் ஸ்கிரிப்டை முறையாகத் திருப்பி எழுதினேன். ஊர்களின் பட்டியலை எழுதுவினைஞர் எக்செல்லில் வைத்திருக்கிறார். அதிலிருந்து சிஎஸ்வி எனும் வெற்று உரை வடிவில் சேமித்த கோப்பை ஸ்கிரிப்ட் வரிவரியாக வாசித்து, மாத இலக்கத்தையும் கோப்பு வகையைக் காட்டும் விரிவையும் பின்னால் சேர்த்துப் பெயரை ஆக்கும். ஷெல்செக் இங்கே நல்ல ஆசிரியராக நடந்துகொண்டது. மாறிகளை இரட்டை மேற்கோளுக்குள் இடாவிட்டால் இடைவெளியுள்ள பெயர் இரண்டாகப் பிளந்துவிடும் என்றது. கோப்புறைக்குள் நுழைய முடியாமல் போனால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்க வேண்டும் என்றது. இதை நான் கவனிக்காமல் விட்டிருந்தால் ஒரு நாள் தவறான கோப்புறையில் கோப்புகள் குவிந்திருக்கும். எல்லாவற்றையும் திருத்திய பின்னர் அது ஒரு சொல்லும் சொல்லாமல் முடிந்தது, நானும் ஸ்கிரிப்டை இயக்கினேன்.

ஏழு கோப்புகளும் பழுது. இம்முறை மூதூரும் தப்பவில்லை.

திரையில் அச்சான பெயர்களைப் பார்த்தால், மாத இலக்கமும் விரிவும் ஊரின் பெயருக்குப் பின்னால் இல்லாமல் அதன் தலைமேல் ஏறி நின்றன. வண்டித்திருப்பு எழுத்து இப்போது பெயரின் நடுவில் இருந்ததே காரணம்: திரை அதைக் கண்டதும் வரியின் தொடக்கத்துக்குப் போய், எஞ்சியதை அங்கிருந்து எழுதிவிடுகிறது. இந்தக் காட்சியைக் காணும் எவரும் வேறொன்றையும் தேட வேண்டாம்; வாசிக்கப்பட்ட பட்டியல் வின்டோஸில் பிறந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. ஸ்கிரிப்டில் பிழை இல்லை என்று ஷெல்செக் சொன்னது உண்மைதான். அது ஸ்கிரிப்டை மட்டுமே வாசிக்கிறது, ஸ்கிரிப்ட் வாசிக்கப்போகும் பட்டியலை அது தொடுவதே இல்லை. இந்த எல்லையை அறியாமல் அதன் மௌனத்தை நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டது என் தவறு. புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த ஓர் இடத்தில் மிகுந்த கவனமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பட்டியலில் வண்டித்திருப்பை நீக்கிய பிறகும் உப்புவெளி மட்டும் அடங்கவில்லை. பெயரைத் தட்டித் திறக்க முயன்றால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பதில் வந்தது. ஓடி என்ற கட்டளையால் பைட்டுகளைப் பிரித்துப் பார்த்தபோது பெயரின் முன்னால் 357, 273, 277 என்ற மூன்று எட்டடிமான எண்கள் நின்றன. எக்செல் சிஎஸ்வியை யுடிஎஃப்-8 ஆகச் சேமிக்கும்போது கோப்பின் தலையில் இடும் பைட்டு வரிசைக் குறி அது. பட்டியலின் முதல் ஊர் என்பதால் உப்புவெளியின் தலையில் விழுந்தது. ஸ்கிரிப்டின் தலையில் இருந்தால் ஷெல்செக் பிடித்திருக்கும் அதே குறிதான் இது. இவ்விரண்டு குறைகளையும் டொஸ்டுயுனிக்ஸ் என்ற சிறு கருவி ஒரே தடவையில் நீக்கிவிடுகிறது. இப்போது எழுதுவினைஞரிடமிருந்து வரும் எந்தப் பட்டியலும் அதன் வழியாகச் சென்ற பின்னரே ஸ்கிரிப்டுக்குள் நுழைகிறது. ஷெல்செக்கை நிறுவும் ஒவ்வொருவரும் இதையும் சேர்த்தே நிறுவ வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேறு குறைகளும் உண்டு. செய்திகள் ஆங்கிலத்தில் மட்டுமே வருகின்றன. ஒவ்வோர் இலக்கத்துக்கும் உதாரணங்களோடு விரிவான விளக்கப் பக்கம் இருந்தாலும் அதற்கு இணையம் வேண்டும், அதுவும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. மக் கணினிகளில் 2019 முதல் இயல்பாக வரும் இசட் ஷெல்லை அது ஆராய்வதில்லை. பேஷ், டாஷ், கோர்ன் ஷெல் ஆகியவற்றோடு நிற்பவர்களுக்கு அது ஒரு குறையல்ல.

தமிழில் பெயரிடுபவர்களுக்கு இன்னொன்று இருக்கிறது, அதை எந்த மதிப்புரையிலும் நான் கண்டதில்லை. சில மாதங்களுக்கு முன்னர் கோப்புறையில் திருகோணமலை இரண்டு தடவை நின்றது. எழுத்துக்கு எழுத்து ஒன்றே, ஒட்டிய எழுத்து எதுவும் இல்லை. ஒன்றின் ஊர்ப்பெயர் 30 பைட்டு, மற்றதினது 33. யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் என இரண்டு குறியீடுகளாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் திரையில் 'கோ' என்றே தெரியும், லினக்ஸுக்கு அவை வெவ்வேறு பெயர்கள். பழைய மக் கணினி ஒன்றிலிருந்த கோப்புப் பெயர்களைப் பார்த்து அந்த மாதப் பட்டியலை நகலெடுத்திருந்தார்கள். அதன் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். ஷெல்செக் இதைப் பற்றி எதுவும் சொல்லாது, டொஸ்டுயுனிக்ஸும் சொல்லாது. கோப்புப் பெயர்களின் குறியாக்கத்தை மாற்றும் கொன்வ்எம்வி என்ற கருவியில், பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் என்எஃப்சி தெரிவால் கோப்புறை முழுவதையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். ஒரே பெயருக்கு வந்த இரண்டு கோப்புகளில் ஒன்றை முன்கூட்டியே வேறிடத்தில் வைக்க வேண்டியிருந்தது, ஏனெனில் அவ்வாண்டின் பாதிச் சந்தாக் கணக்கு ஒன்றிலும் மீதி மற்றதிலும் பதிவாகியிருந்தன. அவ்விரண்டையும் பொருளாளரோடு உட்கார்ந்து கைப்பட ஒப்பிட்டு ஒன்றாக்க ஒரு முழு மாலைப்பொழுது பிடித்தது.