பழைய கேம்பர் வேனுக்கு நாமே செய்த பாகங்கள்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

ஜெர்மனியில் நாங்கள் வைத்திருப்பது 1986ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வாகன் டி3 வண்டி. படுக்கை, அடுப்பு, தூக்கும் கூரை ஆகியவற்றுடன் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அமைத்த ‘ஜோக்கர்’ கேம்பர் வேன். இதன் எஞ்சினுக்கு வேண்டிய உதிரிபாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. அலமாரித் தாழ்ப்பாள், திரைச்சீலைக் கொக்கி, கைப்பிடி மூடி போன்ற சில்லறைச் சாமான்களுக்குத்தான் அலைய வேண்டியிருக்கிறது. வேறொரு பழைய வண்டியிலிருந்து கழற்றிய தாழ்ப்பாள் கிடைத்தாலும், அதுவும் அத்தனை ஆண்டுகள் வெயிலில் காய்ந்து நொறுங்கும் நிலையில்தான் இருக்கும்.

தாழ்ப்பாள்களை முப்பரிமாண அச்சுப்பொறியில் செய்துகொண்டோம். வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டியின் முகப்புப் பலகை 70 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். பிஎல்ஏ பிளாஸ்டிக்கோ 60 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். எனவே அளவு சரிபார்க்க மட்டும் பிஎல்ஏவைப் பயன்படுத்தி, நிலையான பாகத்தை ஏஎஸ்ஏ என்ற மற்றொரு பிளாஸ்டிக்கில் அச்சிடுகிறோம். அது ஏறத்தாழ 100 டிகிரி வரை விறைப்புக் குறையாமல் நிற்கும், வெயிலையும் தாங்கும். தாழ்ப்பாளின் நாக்கைப் படுக்கவைத்து அச்சிட வேண்டும். நிமிர்த்தி அச்சிட்டால் அடுக்குகளுக்கு இடையில் பிளந்துவிடும். இந்தத் தாழ்ப்பாள்கள் பல கோடைகளைக் கடந்தும் வளையாமல் இருக்கின்றன.

எங்களுக்கு மிகுந்த நிறைவைத் தந்தது கியர் தண்டின் புஷ், அதாவது தண்டைச் சுற்றி அமரும் வளையம். இந்த வண்டியில் கியர் பெட்டி பின்புறம் இருப்பதால், கியர் கைப்பிடியிலிருந்து வண்டியின் அடிப்பகுதி நெடுகத் தண்டு ஓடுகிறது. அதைத் தாங்கும் பிளாஸ்டிக் புஷ் தேய்ந்தால் கைப்பிடி தளர்ந்தாடி, கியர் எங்கே விழுகிறது என்று தேட வேண்டியிருக்கும். புதிய புஷ் கடையில் கிடைக்கும்தான்; ஆனால் எங்கள் தண்டும் தேய்ந்திருந்ததால், தொழிற்சாலை அளவில் வந்த புஷ் அதில் தொளதொளவென்று நின்றது. ஆகவே தண்டை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, சுற்றிலும் பல இடங்களில் மைக்ரோமீட்டரால் அளந்து, மிகப் பெரிய அளவைக் கணக்கில் கொண்டு டெல்ரின் என்ற கடினமான பிளாஸ்டிக் உருளையிலிருந்து லேத்தில் கடைந்தோம். நைலான் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும் என்பதால் அதைத் தவிர்த்தோம். டெல்ரின் ஈரத்துக்கு அசையாது என்றாலும் வெப்பத்தில் இரும்பைவிடப் பல மடங்கு விரியும் என்பதால், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி விட்டோம். கியர் இன்றுவரை ‘டக்’கென்று விழுகிறது, கடையில் வாங்கும் புஷ்ஷால் இதைத் தந்திருக்க முடியாது.

ரப்பரில் வடிவத்தைவிட வகையே முக்கியம். கதவு ஓரத்துக்கும் சன்னல் ஓரத்துக்கும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் பட்டையை மீட்டர் கணக்கில் வாங்கி வெட்டி ஒட்டலாம். மழையிலும் வெயிலிலும் அது வெடிக்காது. அதே ஈபிடிஎம் பெட்ரோல் பட்டால் ஊதிப்போகும் என்பதால், எரிபொருள் படும் இடத்துக்கு அது அறவே கூடாது.

தூக்கும் கூரையின் கித்தானில் தையல் விட்ட இடங்களைப் பருத்தி சுற்றிய பாலியஸ்டர் நூலால் கையாலேயே தைத்தோம். நனைந்ததும் பருத்தி உப்பி ஊசித் துளைகளை அடைத்துவிடுவதால், தனியாக மெழுகு பூச வேண்டிய தேவை எழவில்லை.

பிரேக், ஸ்டியரிங், எரிபொருள் குழாய், அடுப்புக்கும் குளிர்பெட்டிக்குமான எரிவாயு இணைப்பு ஆகியவற்றில் கைவேலையை நாங்கள் அனுமதிப்பதில்லை. யாரும் அனுமதிக்கக் கூடாது என்றே உறுதியாகச் சொல்வேன். எரிவாயு அமைப்புக்கு இங்கே 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஜி 607 என்ற பாதுகாப்புச் சோதனை நடக்கிறது. அதில் தேதி கடந்த ரப்பர் குழாயும் அழுத்தச் சீராக்கியும் மாற்றப்பட்டே தீர வேண்டும்.

இன்னும் தீராமல் இருப்பது நகரும் சன்னலின் கண்ணாடி ஓடும், கம்பளிப் பட்டை பதித்த பள்ளம் ஒன்றுதான். மீட்டர் கணக்கில் வாங்கிப் பொருத்திய பட்டை கண்ணாடியை அழகாக நகர்த்துகிறது. ஆனால் குளிர்காலத்தில் நீரை உறிஞ்சி உறைந்து, சன்னலைத் திறக்க விடுவதில்லை. நீர் ஒட்டாத செயற்கை இழைப் பட்டையை அடுத்ததாகப் பொருத்திப் பார்க்கவிருக்கிறோம்.