மாடித்தோட்டம் அமைத்துத் தருகிறேன் என்று வருகிறவரிடம் பணம் கொடுக்குமுன்

தாம்பரம் பக்கம் மாடித்தோட்டம் வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்களும் படிக்கலாம். இந்த ஏமாற்றுச் சரக்கு வேனில் ஏறி எல்லா ஊருக்கும் போகிறது.

பொங்கல் முடிந்த கையோடு எங்கள் குடியிருப்புக்கு வந்தவர் நன்றாகப் பேசினார். முப்பது பைகள், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம், நாட்டு விதைகள், பறித்த காய்களைச் சேமிக்கத் தனிப் பைகள், ஆட்கூலி எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். பணம் கைக்கு வரும்வரை என்னை 'அக்கா' என்றார். வந்த பிறகு 'மேடம்'. புகார் சொல்ல ஆரம்பித்ததும் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

அவர் தந்த பில்லில் ஒரே வரி: 'மாடித்தோட்டம் அமைத்தல் – ரூ.18,500'. பொருள்வாரியாகப் பிரித்துத் தரச் சொன்னதற்கு, அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் என்றார். இன்றுவரை வரவில்லை. ஏமாற்றின் அச்சாணியே அந்த ஒற்றை வரிதான். விதை முளைக்கவில்லை என்றால், 'விதைக்கு நான் காசே வாங்கவில்லையே, இலவசமாகக் கொடுத்தது' என்கிறார். பை கிழிந்தால், 'பைக்கு உத்தரவாதம் என்று எங்கே எழுதியிருக்கிறது?' என்கிறார். தோட்டம் அமைத்தாயிற்று, அமைத்த கூலி வாங்கியாயிற்று, அவ்வளவுதான்.

இனி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

விதைகள் வெள்ளைக் காகிதப் பொட்டலங்களில் வந்தன. மேலே பேனாவால் 'தக்காளி', 'கத்தரி', 'வெண்டை', 'கொத்தமல்லி' என்று எழுதியிருந்ததைத் தவிர வேறொன்றும் இல்லை. ரகம் என்ன, எந்தக் குவியலில் (லாட்) எடுத்தது, எப்போது பரிசோதித்தது, எதுவரை செல்லும், எதுவும் கிடையாது. கொத்தமல்லிப் பொட்டலத்தைப் பிரித்தவுடன் என் மாமியார் கேட்டார்: "கொத்தமல்லிக்கு யாரம்மா ரோஸ் சாயம் பூசியது?" பூஞ்சைக்கொல்லி கலந்து நேர்த்தி செய்த கம்பெனி விதைதான் அப்படி நிறம் ஏற்றி வரும், சாப்பாட்டுத் தானியத்தோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக. அப்படிப்பட்ட விதையின் பாக்கெட்டில் மருந்தின் பெயரும், உணவாகவோ தீவனமாகவோ பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையும் அச்சிட்டிருக்க வேண்டும். இவர் அந்தப் பாக்கெட்டைக் கிழித்து வெள்ளைக் காகிதத்தில் மடித்து 'நாட்டு விதை' ஆக்கிவிட்டார். விதைத்தது போக மிஞ்சிய கொத்தமல்லியை அஞ்சறைப்பெட்டியில் போட்டுக்கொள்ளலாம் என்று அவருடைய ஆள் சொல்லிவிட்டுப் போனதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. பணம் போனதுகூடப் பெரிதில்லை. ஒருவர் வீட்டு ரசத்தில் மருந்தைக் கலக்கச் சொல்கிற அலட்சியத்தை என்னவென்று சொல்வது?

முளைப்பும் படுமோசம். தக்காளி விதை இருபதை எண்ணி ஈரத்துணியில் மடித்து வைத்ததில் மூன்று முளைவிட்டன. அரசுச் சான்றளிப்புத் துறை சோதித்துச் சான்று தந்த விதையாக இருந்தால் தக்காளிக்கும் கத்தரிக்கும் குறைந்தது 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 முளைப்புத்திறன் இருக்க வேண்டும். அந்தச் சான்று விதைக்கு நீல அட்டை, தரத்துக்கு உற்பத்தியாளரே பொறுப்பேற்று விற்கும் உண்மைநிலை விதைக்கு இளம்பச்சை அட்டை. 1983ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், வாங்குகிறவருக்கு ரசீதும் தர வேண்டும். விதைத் திருவிழாக்களில் விவசாயிகள் தங்கள் வயலில் எடுத்த விதையைக் கைமாற்றிக்கொள்வது வேறு விஷயம். அவர்களை நான் இதில் இழுக்கவில்லை.

நார்க்கழிவு விஷயத்தில் அவருடைய வாதம் ஆணித்தரமாக இருந்தது. முளைத்த சில வெண்டைச் செடிகளும் இலை ஓரம் கருகி நின்றபோது, "உங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு, மேடம்" என்றார். தாம்பரத்தில் யாரிடம் இதைச் சொன்னாலும் நம்பிவிடுவார்கள். ஆனால் வீட்டில் குடிநீர் இயந்திரத்தைச் சர்வீஸ் செய்ய வந்த தம்பியிடம் தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் இருந்தது. எங்கள் போர்வெல் தண்ணீர் 410 காட்டியது. அதே தண்ணீரில் பிரிக்காத நார்க்கழிவுக் கட்டியிலிருந்து ஒரு துண்டை ஊறவைத்துப் பிழிந்து, அந்தச் சாற்றில் மீட்டரை வைத்தோம். 1,900-ஐத் தாண்டிவிட்டது. தேங்காய் மட்டையிலேயே சோடியமும் பொட்டாசியமும் குளோரைடு உப்புகளாக உண்டு, உவர்நீரில் ஊறப்போட்ட மட்டையில் இன்னும் அதிகம். நல்ல தண்ணீரில் அலசி உப்பை வெளியேற்றிய பிறகுதான் செடி வளர்க்க விற்க வேண்டும். அலசாத கட்டி மலிவு. மீட்டர் படத்தை அவருக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

கையில் இதே கட்டி வைத்திருப்பவர்கள் தூக்கி எறிய வேண்டாம். ஓட்டை போட்ட வாளியில் கொட்டி, நல்ல தண்ணீரை மேலிருந்து ஊற்றி வடியவிட்டு, பிழிந்த சாறும் ஊற்றிய தண்ணீரும் மீட்டரில் ஏறக்குறைய ஒரே அளவு காட்டும்வரை அலசினால் தேறிவிடும்.

மண்புழு உரம் என்று வந்த மூட்டையைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. கண்ணாடித் தம்ளரில் ஒரு பிடி போட்டுக் கலக்கிவிட்டால், பாதிக்கு மேல் மணலாக அடியில் உட்கார்ந்துகொள்கிறது. மண்புழு உரம் 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வருகிறது. சத்தின் அளவு அச்சிடாத மூட்டையைத் தொடாதீர்கள். பைகள் சித்திரை வெயிலைத் தாங்கவில்லை. புற ஊதாக்கதிரைத் தாங்கும்படி பதப்படுத்தாத பிளாஸ்டிக். கைப்பிடியைப் பிடித்து நகர்த்தினால் அப்பளமாக நொறுங்கியது.

கடைசியாக அந்தச் சேமிப்புப் பைகள். எந்தக் காயானாலும் இதில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு மாதம் கெடாது என்று துண்டுப்பிரசுரமே கொடுத்திருக்கிறார். பிழைத்த செடிகளில் பறித்த வெண்டைக்காயைப் போட்டுப் பார்த்தேன். பையின் உட்புறம் வியர்த்து, அந்த ஈரத்தில் காம்புப் பக்கம் கொழகொழவென்று ஆகி, பச்சைத்தோலில் கறுப்புக் குழிகள் விழுந்தன. வெண்டை, கத்தரி, தக்காளி மூன்றும் வெப்பநாட்டுக் காய்கள், கடுங்குளிர் அவற்றுக்கு ஆகாது. கத்தரியின் உள்ளே பழுப்பேறும், தக்காளி மணமும் ருசியும் இழக்கும். சின்ன வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் அதே பையில் ஒன்றாக வைக்கச் சொல்கிறது அந்தப் பிரசுரம்! வெங்காயத்துக்குக் காற்றோட்டமும் காய்ந்த இடமும் வேண்டும், உருளைக்கு இருட்டு வேண்டும். என் மாமியார் வெங்காயத்தை அதன் இலைத்தாளோடு பிடிகளாகக் கட்டி வராந்தாவில் தொங்கவிடுவார். அதற்குப் பை ஏதும் தேவைப்பட்டதில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அதன் பிறகு அவரே கூப்பிட்டார், மறுபடியும் 'அக்கா' ஆகிவிட்டேன். புதிதாக முப்பது பைகள் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அதே பைகளா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "வேறு கலர்" என்றார்.

அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். விதை விஷயத்துக்கு நுகர்வோர் மன்றம் எதற்கு, விதைச் சட்டம் இருக்கிறதே என்று யாராவது திருப்பி அனுப்பினால், தேசிய விதைக் கழகத்துக்கு எதிரான வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைச் சொல்லுங்கள். விதையால் நஷ்டப்பட்ட விவசாயிகள் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

தோட்டம் வைக்கும் ஆசை விடாதவர்களுக்குத் தோட்டக்கலைத் துறை பைகளும் நார்க்கழிவும் விதையும் அடங்கிய மாடித்தோட்டத் தொகுப்புகளை (‘தளை’ என்பார்கள்) மானிய விலையில் கொடுத்துவருகிறது. வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் இருப்பு உண்டா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

இதே ஆளிடம் வாங்கியவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று பக்கத்துத் தெருவில் விசாரித்தபோது தெரிந்தது. வெள்ளைப் பொட்டலம், ஒருவரிப் பில், அந்தத் துண்டுப்பிரசுரம், பணம் அனுப்பிய ரசீது எதையும் குப்பையில் போடாதீர்கள். பிரிக்காத நார்க்கழிவுக் கட்டி ஒன்றாவது இருந்தால் அலசாமல் அப்படியே வைத்திருங்கள். ஆணையத்தில் அதுதான் பேசும்.