ஏசி கம்ப்ரஸர் கிளட்ச் கிட்: புல்லரை விட சிம்களைப் பார்த்து வாங்குங்கள்

குளிரூட்டும் கேஸை இறக்காமல் வீட்டிலேயே முடிக்கக்கூடிய கார் ஏசி வேலைகளில் கிளட்ச் மாற்றுவது முக்கியமானது. ஏசி போடும்போது பெல்ட்டில் ஓடும் புல்லியைக் கம்ப்ரஸரோடு காந்தத்தால் இணைப்பது இந்தக் கிளட்ச்தான். முன் பிளேட், பேரிங்கோடு புல்லி, காந்தமாகும் காயில், சர்க்லிப்புகள் (பாகங்களை நிறுத்தும் வளையக் கிளிப்கள்), சிம்கள் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையங்கள்) எல்லாம் ஒரே பெட்டியில் வரும் பொதுவகைக் கிட்டுகளை இதற்கு நம்பி வாங்கலாம். ஆனால் எல்லாப் பெட்டிகளும் ஒரே தரமில்லை. பளபளக்கும் புல்லியை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

முதலில் கிளட்ச்தான் பழுதா என்று உறுதி செய்யுங்கள். ஏசி அணைந்திருக்கும்போதும் இரைச்சல் கேட்டால் புல்லி பேரிங் போயிருக்கலாம். ஏசி போட்டால் மட்டும் கேட்டால் கோளாறு கம்ப்ரஸருக்குள் இருக்கலாம். இன்ஜினை நிறுத்திவிட்டு முன் பிளேட்டைக் கையால் சுற்றுங்கள்; இறுகி நின்றாலோ கரகரத்தாலோ கிட்டுக்குச் செலவழிக்க வேண்டாம். பிளேட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஷாஃப்ட் சீல் கசிகிறது, புதிய பிளேட்டும் வழுக்கும். புதிய கார்கள் பலவற்றில் காந்த கிளட்சே கிடையாது, அதையும் பார்த்துவிடுங்கள்.

பெட்டி வந்ததும் காயிலை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 12 வோல்ட் காயிலுக்குப் பெரும்பாலும் 3 முதல் 5 ஓம் வரும். பழைய காயிலின் கனெக்டரையும், பின்பக்கத்தில் இருக்கும் நிறுத்துப் பின்னையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பேரிங் விஷயத்தில் கண்ணை நம்பாதீர்கள்: 35×52×20, 35×55×20 மி.மீ. (உள்விட்டம், வெளிவிட்டம், அகலம்) இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வெளிவளையத்தில் 3 மி.மீ. வித்தியாசம், மாறி வந்தால் பயன்படாது. புல்லியின் பள்ளங்களையும் பெல்ட்டின் வரிகளையும் எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது.

சில கிட்டுகளோடு புல்லரும் (பிளேட்டை இழுத்துக் கழற்றும் கருவி) வரும். அதன் போல்ட் மரை உங்கள் பிளேட்டின் மரைக்குப் பொருந்தினால் நல்லதுதான், ஆனால் அதற்காகவே ஒரு கிட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். புல்லர் இல்லையென்றால் வாடகைக்காவது எடுங்கள். சுத்தியலால் தட்டிக் கழற்றவோ ஏற்றவோ கூடாது. அந்த அடி ஷாஃப்ட் வழியாக உள்ளே போய் சீலையும் உட்பாகங்களையும் கெடுக்கும். பிறகு கேஸ் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, டென்ஷனரைத் தளர்த்தி பெல்ட்டை எடுத்தபின் கழற்றும் வரிசை எளிது: நடு போல்ட், பிளேட், சிம், சர்க்லிப், புல்லி, இரண்டாவது சர்க்லிப், காயில். பழைய சிம்களைத் தூக்கிப் போடாதீர்கள். புதிய காயிலின் நிறுத்துப் பின், கம்ப்ரஸர் உடலில் உள்ள துளையில் சரியாக உட்கார வேண்டும். சாய்ந்து உட்கார்ந்தால் புல்லி அதில் உரசிக் காயிலை எரித்துவிடும். சர்க்லிப்பின் ஒரு விளிம்பு சாய்வாக இருந்தால் அந்தப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும். அடுத்த பாகத்தை ஏற்றும் முன் புல்லியைக் கையால் சுழற்றிப் பாருங்கள், எங்கும் தட்டக்கூடாது.

இனி வருவதுதான் வேலையின் உயிர்: பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவிலுள்ள இடைவெளி. பல கம்ப்ரஸர்களில் இது 0.3 முதல் 0.6 மி.மீ.; உங்கள் மாடலுக்கான எண்ணை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். நடு போல்ட்டை மேனுவல் சொல்லும் டார்க்கில் (முறுக்கு விசை அளவில்) முறுக்கிய பிறகு ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) மூன்று இடங்களில் விட்டு அளக்க வேண்டும். சிம்மைக் கூட்டினால் இடைவெளி கூடும், எடுத்தால் குறையும். குறைந்துபோனால் ஏசி அணைந்திருக்கும்போதும் பிளேட் உரசிச் சூடேறும். கூடிப்போனால் கோளாறு உடனே தெரியாது. அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். குளிர்ந்திருக்கும்போது கிளட்ச் டக்கென்று ஒட்டும். ஓடி ஓடிக் காயில் சூடானதும் செம்புக் கம்பியின் தடை ஏறும். 20 டிகிரியில் 3.6 ஓம் காட்டிய காயில் 100 டிகிரியில் ஏறத்தாழ 4.7 ஓம் காட்டும். மின்னோட்டம் குறையும், காந்த இழுப்பும் தளரும். நெரிசலில் நிற்கும்போது ஏசி குளிர்ச்சி நின்று, வண்டி ஆறியதும் திரும்பி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த இடைவெளியைத்தான். ரிலேயும் எர்த் இணைப்பும் அடுத்து.

இதனால்தான் 0.1, 0.3, 0.5 மி.மீ. என்று வெவ்வேறு தடிமனில் சிம் தரும் கிட்டுக்கே நல்ல மதிப்பெண். ஒரே தடிமனில் இரண்டு சிம் போட்டு அனுப்பும் பெட்டி பாதிக் கிட்தான்.

பெல்ட்டை மாட்டும் முன் ஃபியூஸ் வைத்த வயரால் காயிலுக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். காயிலில் டயோட் இருந்தால் பிளஸ், மைனஸ் மாறக்கூடாது. வண்டியைக் கிளப்பிய பிறகு ஏசியைப் பத்து இருபது முறை போட்டு அணைத்தால் பிளேட், புல்லி இரண்டின் புதிய முகங்களும் ஒன்றோடொன்று படிந்துகொள்ளும். பிறகு இன்ஜினை நிறுத்தி இடைவெளியை மறுபடி அளந்துவிடுங்கள்.

காயில் மட்டும் எரிந்திருந்து, பிளேட்டின் முகம் சூட்டில் நீலம் பாயாமல், பேரிங் ஆட்டமில்லாமல் இருந்தால் முழுக் கிட் தேவையில்லை. காயில் மட்டும் தனியாகக் கிடைக்கும். பேரிங் போயிருந்தால் முழுக் கிட்டே மேல், ஏனென்றால் பழைய புல்லியில் புதிய பேரிங்கை நேராக ஏற்ற பிரஸ் வேண்டும்.