போக்கர் கோச்சிங்னு டெலிகிராம்ல கூப்புடறாங்களா? காசு போடறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

மக்களே, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் பசங்கள குறி வச்சு ஒரு டெலிகிராம் குரூப் சுத்திட்டு இருக்கு, "தமிழ்ல போக்கர் கோச்சிங், மாசாமாசம் கேரண்டி வருமானம்"னு. போக்கர்ங்கறது பந்தயம் கட்டி ஆடற ஒரு சீட்டாட்டம். பேரு போடல, போட்டும் பிரயோஜனம் இல்ல, நான் சேர்ந்தப்ப ஒரு பேரு, இப்ப வேற பேரு, அடுத்த மாசம் என்ன பேரோ. ஆனா வேல காட்டற விதம் மாறல, அத தெரிஞ்சுக்கிட்டா எந்த பேர்ல வந்தாலும் புடிச்சிடலாம். கோர்ஸ் ஃபீஸ், குரூப் நடத்தறவனோட க்ளப்ல வாங்குன சிப்ஸ் (காசுக்கு பதிலா வச்சு ஆடற வில்லை), ஒரு "டூல்", எல்லாம் சேர்த்து எனக்கு போனது 41,000 ரூவா. என் கூட சேர்ந்த ஒரு பையன் ஹார்பர் லாரில கிளீனரா இருக்கான், அவனுக்கு அதவிட அதிகம், வீட்ல இன்னும் தெரியாது.

போக்கர் மேல ஆசைப்பட்டதே தப்புன்னு அட்வைஸ் பண்ண வர்றவங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க. ஃப்ரீ சிப்ஸ்ல ரொம்ப நாளா ஆடிட்டு இருந்தவன் நான், இன்னும் நல்லா ஆடணும்னு நெனச்சேன், அவ்ளோதான். திறமை இருக்கற ஆட்டம்தான் அது, 2023 நவம்பர்ல மெட்ராஸ் ஹைகோர்ட்டே ரம்மியையும் போக்கரையும் தமிழ்நாடு ஆன்லைன் சூதாட்ட தடை சட்டத்தோட பட்டியல்ல இருந்து எடுத்துச்சு. இந்தாளு குரூப் வாசல்லயே அந்த தீர்ப்பு நியூஸ் கட்டிங்கதான் மாட்டி வச்சிருந்தான். அதுக்கப்புறம் 2025 ஆகஸ்ட்ல பார்லிமெண்ட்ல வந்த சட்டத்த பத்தி மட்டும் மூச்சே விடல. அந்த சட்டம் திறமையா அதிர்ஷ்டமான்னு பார்க்கறதே இல்ல, காசு வச்சு ஆன்லைன்ல ஆடற ஆட்டம் எதையும் நடத்தக்கூடாது, நடத்தறவனுக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 கோடி வரைக்கும் அபராதம். பெரிய பெரிய ஆப் எல்லாம் அந்த மாசமே காசு ஆட்டத்த மூடிட்டான். இவனுக்கு அதுதான் சான்ஸ் ஆயிடுச்சு, எப்படின்னு கீழ சொல்றேன்.

கோர்ஸ் 14,999. கட்டுன உடனே "வெல்கம் சாம்பியன்"னு ஒரு வாய்ஸ் நோட்டு, அப்புறம் ஒரு பிடிஎஃப், கொஞ்சம் வீடியோ. பிடிஎஃப்ல இருந்தது எந்தெந்த ரெண்டு சீட்டு வந்தா ஆடணும், எத தூக்கிப் போடணும்ங்கற சார்ட்டு, நெட்ல ஓசியிலயே கெடைக்கும். வீடியோ எவனோ வெளிநாட்டுக்காரன் போட்டது, மூலைல இருந்த லோகோவ மங்கலாக்கிட்டு மேல இவன் தமிழ்ல பேசியிருக்கான், அதுவும் தப்பு தப்பா. ஒரு உதாரணம் சொல்றேன். போக்கர்ல ஆளுக்கு ரெண்டு சீட்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு தொறப்பாங்க, மொத மூணு ஃப்ளாப், நாலாவது டர்ன், அஞ்சாவது ரிவர். கைல ரெண்டு ஆர்ட்டின், ஃப்ளாப்ல ரெண்டு ஆர்ட்டின், இன்னொன்னு வந்தா ஃப்ளஷ், அதாவது ஒரே ஜாதில அஞ்சு சீட்டு. "இன்னும் 9 சீட்டு இருக்கு, பாதிக்கு பாதி சான்ஸ், ஆல் இன் போடு சாம்பியன்"ங்கறான், ஆல் இன்னா கைல இருக்கற சிப்ஸ் மொத்தத்தையும் வைக்கறது. டேய், நமக்கு தெரியாத சீட்டு 47, அதுல 9, அடுத்த சீட்டுல வர சான்ஸ் 19 பர்சண்ட், டர்ன் ரிவர் ரெண்டும் பார்த்தா கூட 35 பர்சண்ட்தான். போக்கர் ஆடறவன் மொத வாரமே கத்துக்கறது இது, நமக்கு உதவற சீட்ட எண்ணி, ரெண்டு சீட்டு பாக்கின்னா 4ஆல பெருக்கு, ஒண்ணு பாக்கின்னா 2ஆல பெருக்கு, கிட்டத்தட்ட சரியா வந்துடும். இது தெரியாதவன் கோச்சாம், என்னத்த சொல்ல.

குரூப்ல இதுக்கு டவுட்டு கேட்டேன். பதில் வரல, அட்மின் ஒருத்தன் மட்டும் "நெகட்டிவ் எனர்ஜி வேணாம் ப்ரோ"ன்னான்.

இந்த கோச் மேல எனக்கு மொதல்ல சந்தேகம் வந்தது வேற ஒரு விஷயத்துல. நம்ம ஏரியால கேரம் ஆடாதவன் யாரு, புது வண்ணாரப்பேட்டை பொண்ணு காசிமா 2024ல அமெரிக்கா போய் உலகக்கோப்பைல மூணு தங்கம் அடிச்சிட்டு வந்துச்சு. எந்த கேரம் க்ளப்புக்கு வேணா போய் நில்லுங்க, கத்துக்குடுக்கற அண்ணன் என்ன பண்றாரு? பக்கத்துல நின்னு நீ அடிக்கறத பார்ப்பாரு, "விரல ஏன்டா இப்படி வைக்கிற"ன்னு திட்டுவாரு, திரும்ப அடிக்க சொல்வாரு. போக்கர்ல இதுக்கு ஈடு ஹேண்ட் ஹிஸ்டரி, அதாவது நீ ஆடுன ஒவ்வொரு கையும் ஆப்லயே பதிவாகி இருக்கும், எவ்ளோ போட்ட, எங்க ஃபோல்டு பண்ண (சீட்ட தூக்கிப் போட்டு விலகுன) எல்லாம். ஒழுங்கான கோச் அத அனுப்ப சொல்லி ஒவ்வொண்ணா பிரிச்சு மேய்வான். இந்தாளு கடைசி வரைக்கும் ஒரு கைய கூட கேக்கல. நானே அனுப்புனேன், ரெண்டு டிக்கு, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. அவனுக்கு நம்ம ஆட்டம் தேவையே இல்ல, ஆள்தான் தேவை.

பெரிய ஆப் மூடுனதும் ஒரு மெசேஜ், "நம்ம ஸ்டூடண்ட்ஸுக்கு மட்டும் பிரைவேட் க்ளப், சட்டம் இதுக்கு செல்லாது, 30 பர்சண்ட் டிடிஎஸ்ஸும் (ஜெயிச்ச காசுல புடிக்கற வரி) கெடையாது, ஜிஎஸ்டியும் கெடையாது". மேட்டர் என்னன்னா, ஆப்ல இருக்கறது வெறும் பொம்மை சிப்ஸ், காசு ஏஜெண்ட்டுக்கு யூபிஐல போகும், அவன் சிப்ஸ் ஏத்துவான், ஜெயிச்சா அவனே திருப்பி அனுப்பணும். அனுப்பலன்னா? எங்க போய் கேப்ப? ஆப்காரன் நான் காசே வாங்கலையேம்பான், அது உண்மையும் கூட. டேபிள்ல ஒவ்வொரு பாட்லயும் (எல்லாரும் போட்டு நடுவுல சேர்ற காசு) ரேக்னு ஒரு பங்கு வெட்டுவாங்க, அந்த பங்கும் இவனுக்குத்தான். அதாவது நீ ஜெயிச்சாலும் தோத்தாலும் கோச்சுக்கு கல்லா கட்டும்.

அது கூட பரவால்ல. ஒரே ஒரு கைய சொல்றேன், மொத்தமும் புரிஞ்சிடும்.

5/10 டேபிள், அதாவது ஒவ்வொரு கைக்கும் ரெண்டு பேரு 5ம் 10ம் கட்டாயமா போட்டுதான் ஆரம்பிக்கணும், ஒரு சிப்பு ஒரு ரூவா. எனக்கு ஜாக்கி ஜோடி, 40 போட்டேன். கம்மியா சிப்ஸ் வச்சிருந்த ஒரு புது பையன் 120க்கு ஆல் இன். இன்னும் ரெண்டு பேரு கால், அதாவது அதே அளவு போட்டாங்க, அந்த ரெண்டு ஐடியும் எந்நேரமும் டேபிள்ல ஒண்ணாதான் உக்காந்திருக்கும். நானும் கால் பண்ணேன். ஃப்ளாப் 8, 5, 2, ஒவ்வொண்ணும் ஒரு ஜாதி. நான் 250 போட்டேன். மொதல் ஆளு 700ன்னான், ரெண்டாவது ஆளு ஒரு செகண்ட் கூட யோசிக்காம அந்த 700ஐயும் கால் பண்ணான். இந்த இடத்துல கோர்ஸ்ல இருந்த பாடம் ஞாபகம் வந்துச்சு, "ரெண்டு பேர் சேர்ந்து ஸ்ட்ராங் காட்டுனா ஒத்த ஜோடிய தூக்கிப் போடு சாம்பியன், ஈகோ வேணாம்". ஃபோல்டு பண்ணிட்டேன். நான் வெளிய போன அடுத்த செகண்ட்ல இருந்து அந்த ரெண்டு பேரும் ஒத்த பைசா போடல, டர்ன்ல கிங்கு, செக் செக் (காசு போடாம கடத்தறது), ரிவர்ல 3, செக் செக். நடுவுல அந்த பையன் ஆல் இன்ல இருந்ததால கடைசில எல்லார் சீட்டையும் ஆப் தொறந்து காட்டியே ஆகணும். பையன்கிட்ட ஆஸ்-7. 700 போட்ட ஆளுகிட்ட 9-4. கால் பண்ண ஆளுகிட்ட ராணி-10. மூணு பேர்ல ஒருத்தன்கிட்டயும் ஒரு ஜோடி கூட இல்ல, மக்களே! என் ஜாக்கி ஜோடி கண்ண மூடிட்டு ஜெயிச்சிருக்கும்.

9-4 வச்சிக்கிட்டு எவனாவது 700 போடுவானா, போடலாம், ப்ளஃப்னு ஒண்ணு இருக்கு, கைல ஒண்ணும் இல்லாமலே பெருசா இருக்கற மாதிரி காட்டறது. ஆனா ப்ளஃப் பண்றவன் பின்னாடியே இன்னொருத்தன் வெறும் ராணி-10ஐ வச்சு கண்ண மூடிட்டு கால் பண்றான், மூணாவது ஆள் ஓடுனதும் ரெண்டு பேரும் அண்ணன் தம்பி மாதிரி செக் பண்ணிக்கறாங்கன்னா அது ஆட்டம் இல்ல, கூட்டு. அப்புறம் பழைய கைங்கள எடுத்து பார்த்தேன். அதே ரெண்டு ஐடி, ஸ்டூடண்ட் எவனாவது பாட்ல இருந்தா மாத்தி மாத்தி ஏத்துவாங்க, ஸ்டூடண்ட் ஓடுனதும் ஒருத்தன் ஃபோல்டு, சீட்டும் காட்ட வேண்டாம், காசும் அவங்களுக்குள்ளயே. கோர்ஸ்ல எதுக்கு அந்த "தூக்கிப் போடு" பாடம்னு அப்பதான் வெளங்குச்சு, நம்ம டேபிள விட்டு எழுப்பறதுக்கு நம்மகிட்டயே ஃபீஸ் வாங்கி ட்ரெயினிங் குடுத்திருக்கான்யா. உட்டாலக்கடி கிரி கிரின்னா இதுதான்.

இது போதாதுன்னு 6,000 ரூவாய்க்கு ஒரு டூல், அடுத்த சீட்டு என்னன்னு முன்னாடியே சொல்லுமாம். சீட்டு கலைக்கறது சர்வர்ல, நம்ம போனுக்கு வர்றது நம்ம சீட்டும் டேபிள்ல தொறந்த சீட்டும் மட்டும்தான், வராத ஒண்ண போன்ல இருக்கற ஆப் எப்படி பார்க்கும்? இன்ஸ்டால் பண்ணும்போது ஸ்க்ரீன பார்க்கற பர்மிஷனும் எஸ்எம்எஸ் பர்மிஷனும் கேட்டுச்சு. ஸ்க்ரீன் பர்மிஷன் குடுத்தா அது யாரோட சீட்ட பார்க்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. இது ஒண்ணும் புது டெக்னிக் இல்ல, 2015லயே ஆட்லனார்னு ஒரு வைரஸ ஈசெட்ங்கற ஆண்ட்டிவைரஸ் கம்பெனிக்காரங்க கண்டுபுடிச்சு சொன்னாங்க, போக்கர் உதவி சாஃப்ட்வேருங்களுக்குள்ள ஒளிஞ்சிருந்து ஆடறவன் ஸ்க்ரீன போட்டோ எடுத்து எதிராளிக்கு அனுப்பறதுதான் அதோட வேலையே. எஸ்எம்எஸ் பர்மிஷன் எதுக்குன்னு சொல்லவே வேண்டாம், ஓடிபி. இந்த மாதிரி எதையாவது ஏத்தியிருந்தா மொதல்ல போன ரீசெட் அடிங்க, வேற போன்ல இருந்து பேங்க் பாஸ்வேர்ட் மாத்துங்க.

"மாசாமாசம் கேரண்டி"ங்கறதுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். 2017 ஜனவரில லிப்ராட்டஸ்னு ஒரு கம்ப்யூட்டர் ப்ரோக்ராம அமெரிக்காவுல நாலு டாப் ப்ரொஃபஷனல் போக்கர் ஆட்டக்காரங்களோட ஆட விட்டாங்க, யார் பெட்டர்னு நிச்சயமா சொல்லணுமேன்னு 1,20,000 கை ஆட வச்சாங்க. போக்கர்ல அதிர்ஷ்டம் அவ்ளோ ஆட்டம் காட்டும், நல்லா ஆடறவனே வாரக்கணக்குல தோப்பான். அப்படி இருக்கற ஆட்டத்துல மாசம் இவ்ளோன்னு ஒருத்தன் எழுதி குடுக்கறான்னா, அந்த காசு சீட்டுல இருந்து வரல, உங்க பாக்கெட்ல இருந்து வருது. குரூப்ல வர்ற ஜெயிச்ச ஸ்க்ரீன்ஷாட்டு எல்லாம் டகால்டி, தோத்தத எவனும் போட மாட்டான், பாதி எடிட்டு வேற.

கேள்வி கேக்க ஆரம்பிச்சதும் என்ன க்ளப்ல இருந்து தூக்கிட்டான், அக்கவுண்ட்ல இருந்த சிப்ஸும் அம்போ. டெலிகிராம்ல அவன் ரெண்டு பக்கமும் சேட்ட அழிக்க முடியும், அழிச்சான், நல்லவேளை அதுக்கு முன்னாடியே போன்ல ஸ்க்ரீன் ரெக்கார்டு எடுத்து வச்சிருந்தேன். நீங்களும் மொதல்ல அத பண்ணுங்க, சண்ட அப்புறம் போடலாம். சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் அடிச்சு சொல்லிட்டு, சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் சைட்ல கம்ப்ளைன்ட் ஏத்துனேன், யூபிஐ ட்ரான்சாக்ஷன் நம்பர், தேதி, தொகை எல்லாம் கேப்பாங்க, பேங்க் ஸ்டேட்மெண்ட் கைல வச்சிக்கோங்க. எவ்ளோ சீக்கிரம் சொல்றீங்களோ அவ்ளோ நல்லது, அவன் அக்கவுண்ட்ல காசு இருக்கும்போதே முடக்குனாதான் உண்டு. எனக்கு கம்ப்ளைன்ட் நம்பர் வந்திருக்கு, காசு இன்னும் வரல.

"நாமளே ஆடியிருக்கோமே, நம்ம மேல கேஸ் வந்துடுமோ"ன்னு நிறைய பேரு வாய தொறக்க மாட்டேங்கறாங்க, அந்த பயத்துலதான் அவன் பொழப்பே ஓடுது. 2025 சட்டத்துல ஆடுனவனுக்கு தண்டனை வைக்கல, நடத்தறவனுக்கும் விளம்பரம் பண்றவனுக்கும் பணம் கைமாத்தி விடறவனுக்கும்தான். நம்ம தமிழ்நாட்டு சட்டம் 2022ல போட்டது தனி, அதுல சூதாட்டம் ஆடறவனுக்கும் தண்டனை இருக்கு, அதனால பயமா இருந்தா தெரிஞ்ச வக்கீல்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எழுதுங்க, ஆனா எழுதுங்க.

குரூப்ல இப்ப போக்கர் போட்டோவ எடுத்துட்டு ஷேர் மார்க்கெட் ஆப்ஷன் ட்ரேடிங் கிளாஸ்னு போட்டிருக்கான், வாய்ஸ் நோட்டு அதே குரல், அதே "வெல்கம் சாம்பியன்". ராயபுரம், கொருக்குப்பேட்டை பக்கம் யாராவது இவனுக்கு யூபிஐல காசு போட்டிருந்தா எனக்கு தனியா மெசேஜ் பண்ணுங்க, ஐடி ஒண்ணான்னு பார்த்துட்டு உங்க கம்ப்ளைன்ட்ல என் நம்பரையும் சேர்த்து எழுதிடலாம்.