நிச்சயதார்த்த மோதிரம்: சுரங்க வைரமா, ஆய்வக வைரமா?

1477-இல் ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியன் பர்கண்டி நாட்டு மேரிக்கு நிச்சயத்துக்காக வைர மோதிரம் கொடுத்தது பழைய கதை. நிச்சயம் என்றாலே வைரம்தான் என்று அமெரிக்கர்களை நம்பவைத்தது டி பீர்ஸ் என்ற வைர நிறுவனத்தின் விளம்பரம். 'வைரம் என்றென்றைக்கும்' என்ற வாசகம் 1947-இல் பிறந்தது. அதே டி பீர்ஸ் 2018-இல் ஆய்வகத்தில் உருவாக்கிய வைரக் கல்லையும் விற்க வந்தது, ஒரு காரட் எடை 800 டாலருக்கு!

விலை: சுரங்கக் கல் பல மடங்கு அதிகம். ஆய்வகக் கல்லின் விலை சில ஆண்டுகளில் சரிந்துவிட்டது.

உறுதி: இரண்டும் கார்பன்தான், கடினத்தன்மையைக் காட்டும் மோஸ் அளவில் 10. வெறுங்கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

திருப்பி விற்றால்: சுரங்கக் கல்லிலும் பெரும்பாலும் நஷ்டமே (தங்கம் மாதிரி எண்ணிவிடாதீர்கள்). ஆய்வகக் கல்லுக்குச் சொற்பம்தான் தேறும்.

பெரிய கல், சின்ன பட்ஜெட் என்றால் ஆய்வகம். பூமியில் விளைந்த கல்தான் மனதுக்குப் பிடிக்கும் என்பவர்களுக்குச் சுரங்கம். எதுவானாலும் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள்.