பருப்புக்கு அண்ணாச்சி கடை, சோப்புக்கு சூப்பர் மார்க்கெட்

நாங்கள் குரோம்பேட்டையில் இருக்கிறோம். தெருமுனையில் அண்ணாச்சி கடை, மெயின் ரோட்டில் பெரிய சூப்பர் மார்க்கெட். பல வருடங்களாக இரண்டிலும் வாங்குகிறேன். மூட்டையிலிருந்து அளந்து தரும் சரக்குக்கு அண்ணாச்சி, கம்பெனி பாக்கெட்டுக்கு பெரிய கடை என்பதுதான் எனக்கு ஒத்துவந்த வழி.

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். 25 கிலோ வரை லேபிள் ஒட்டி பாக்கெட்டில் வரும் அரிசி, பருப்பு, மாவுக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜிஎஸ்டி. லூஸாக அளந்து வாங்கினால் அது கிடையாது. துவரம் பருப்பில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

ஆனால் நான் அங்கே போவதற்குப் பெரிய காரணம் விலை இல்லை. சரக்கைத் தெரிந்த ஒரு மனிதர் எதிரே நிற்கிறார். "அக்கா, இந்த லோடு உளுந்து மாவு காணாது. கால் கிலோ மட்டும் வாங்கிக்குங்க, வியாழக்கிழமை வேற வருது" என்பார். புது அரிசி என்றால் தண்ணீரைக் குறைத்து வைக்கச் சொல்வார். மிளகாய்த்தூள் அரைக்கப் போகிறேன் என்றால், காரத்துக்கும் நிறத்துக்கும் ஏற்றபடி ராமநாதபுரம் குண்டு மிளகாயும் நீட்டு மிளகாயும் பார்த்துப் போடுவார். மாதக் கடைசியில் நோட்டில் எழுதிக்கொள்வார். ஐம்பது கிராம் கடுகு கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார். தேவையான அளவே வாங்குவதால் எங்கள் வீட்டில் இப்போது எதிலும் வண்டு வைப்பதில்லை.

சோப்பு, சலவைத்தூள், சமையல் எண்ணெய் எல்லாம் சூப்பர் மார்க்கெட்டில்தான். எம்ஆர்பியிலிருந்து நன்றாகவே குறைக்கிறார்கள். ஒரு கிராம் என்ன விலை என்று பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும், அதைப் பாருங்கள். பெரிய பாக்கெட்தான் மலிவு என்று நிச்சயமில்லை. அப்புறம், அலமாரியில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்பது எனக்குப் பலமுறை நடந்திருக்கிறது. கவுண்டரை விட்டு நகரும் முன் பில்லைச் சரிபார்ப்பது நல்லது.

இதையும் சொல்லியாக வேண்டும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்தினார்கள். நான் போகும் கடையில் பில் போடும் பெண்கள் இன்னும் நின்றுகொண்டேதான் இருக்கிறார்கள். மேலாளரிடம் கேட்டிருக்கிறேன், இனியும் கேட்பேன்.

அண்ணாச்சி கடையிலும் குறை உண்டு. அதிகம் போகாத சாஸ், நூடுல்ஸ் மாதிரி பொருள்களில் காலாவதி தேதி தாண்டியிருக்கலாம். முன்கூட்டியே கட்டி வைத்த கவரை எடுக்காமல் கண்முன்னே நிறுக்கச் சொல்லுங்கள். தராசு பூஜ்யத்தில் இருக்கிறதா, தொழிலாளர் துறை முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நேர்மையான கடைக்காரர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்.