கல்முனைக் கடைக்கு எந்த ஹொஸ்டிங், காரைதீவு வலைப்பூவுக்கு எது?

மட்டக்களப்பில் கடை வைத்திருப்பவர் இணையத்தளம் பற்றி விசாரித்தால் முதல் கேள்வி "ஒரு சைட் போட எவ்வளவு முடியும்?" என்பதாகத்தான் இருக்கும். எந்தக் கம்பனி மலிவு, எது வேகம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது, டொமைன், அதாவது தளத்தின் முகவரி, யாருடைய கணக்கில் பதிவாகப் போகிறது என்பதை. ஹொஸ்டிங், அதாவது தளத்தின் கோப்புகளை வைக்கும் இடம், சரியில்லை என்றால் கோப்புகளை எடுத்துக்கொண்டு வேறிடம் போய்விடலாம். டொமைன் அடுத்தவர் கணக்கில் கிடந்தால் அதுவும் நடக்காது. சைட் செய்து தந்த பொடியன் தன் ஜிமெயிலில் டொமைனை வாங்கிவிட்டுக் கட்டாருக்குப் போய்விட, புதுப்பிக்கும் திகதி தாண்டி, கடைப் பலகையில் எழுதிய விலாசம் திறக்காமல் போன கதை நம் பக்கம் ஒன்றிரண்டல்ல. டொட் கொம் காலாவதியானால் கொஞ்சம் சலுகைக் காலம் உண்டு. அதுவும் கடந்தால் 30 நாள் மீட்புக் கட்டம். அங்கே வழக்கமான கட்டணத்தைப்போலப் பல மடங்கு கேட்பார்கள். அதைக் கட்டுவதற்கும் அந்தக் கணக்குக்குள் நுழைய வேண்டும்.

டொட் கொம்மா, டொட் எல்கேயா என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. இலங்கைக்குரிய டொட் எல்கேயை அதன் பதிவகமான எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியில் ரூபா கட்டியே எடுக்கலாம். உள்ளூர் வாடிக்கையாளருக்கு அது பழகிய முகமும்கூட. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி அந்தப் பதிவகமே தாக்கப்பட்டு, கூகிளின் டொட் எல்கே முகவரி உட்படச் சில தளங்கள் வேறு பக்கத்துக்குத் திருப்பப்பட்டன என்பது உண்மை. அதற்காக நான் அதை ஒதுக்கமாட்டேன். 2010 முதல் 'டொட் இலங்கை' என்று தமிழிலேயே முகவரி எடுக்கவும் வழி இருக்கிறது. பலகையில் எழுத அழகு. ஆனால் சில செயலிகளில் ஒட்டும்போது அது 'எக்ஸ்என்' என்று தொடங்கும் எழுத்துக் குவியலாக மாறிவிடும். இரண்டாவது முகவரியாக வைத்துக்கொள்ளலாம்.

"பேஸ்புக் பேஜ் இருக்கே, பிறகென்ன?" என்பவர்களுக்கு மூன்று திகதிகள் போதும்: 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல். மூன்று தடவையும் இந்த நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. சாதாரண இணையத்தளங்கள் அப்போதும் திறந்தன. கூகிள் வணிகக் கணக்கோடு இலவசமாகக் கிடைத்த சின்ன இணையத்தளத்தை நம்பியிருந்தவர்களுக்கு 2024 மார்ச்சில் அதுவும் நின்றது. பேஜ் இருக்கட்டும், அது மட்டும் போதாது.

வலைப்பூ எழுதுகிறவருக்கு இலவசமாகத் தொடங்க இரண்டு சேவைகள்: புளொக்கரா, வேர்ட்பிரஸ் டொட் கொம்மா? காரைதீவிலிருந்து ஊர்க் கதை, கூத்து, கோயில் திருவிழா என்று எழுதும் ஒருவருக்கு நான் தயங்காமல் புளொக்கரைத்தான் சொல்வேன். 2003இல் கூகிள் வாங்கிய பழைய சரக்கு. வார்ப்புருக்களைப் பார்த்தாலே வயது தெரியும். ஆனால் சொந்த டொமைனை மேலதிகக் காசில்லாமல் இணைக்கலாம், பாதுகாப்பான இணைப்பைக் காட்டும் பூட்டுக் குறியையும் அமைப்புப் பக்கத்தில் இலவசமாகப் போடலாம், வாசகர் கூட்டம் திரண்டாலும் சேர்வர் (தளத்தை அனுப்பும் கணினி) விழாது. வேர்ட்பிரஸ் டொட் கொம்மின் இலவசத் திட்டத்தில் அவர்களுடைய விளம்பரம் நம் பக்கத்தில் ஓடும். சொந்த டொமைன் வேண்டுமென்றால் காசு கட்டும் திட்டத்துக்குப் போக வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்கள் மட்டும் முட்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. புளொக்கரில் தமிழ்த் தலைப்பு வைத்தால் பதிவின் முகவரியில் தலைப்பே இராது. 'புளொக் போஸ்ட்' என்ற பொதுப் பெயரும் ஓர் எண்ணும்தான் நிற்கும். வெளியிட முன் முகவரியை நாமே ஆங்கில எழுத்தில் அடித்துவிட்டால் தீர்ந்தது. வேர்ட்பிரஸில் நிலைமை தலைகீழ். ஒவ்வொரு தமிழ்க் குறியும் முகவரியில் 9 எழுத்தாக விரியும். வேர்ட்பிரஸ் அதற்கு ஒதுக்கியிருப்பது 200 எழுத்து. ஆக 22 குறியோடு தலைப்பு வெட்டுப்பட்டு நிற்கும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறி என்பதால் நாலைந்து சொல் தாண்டாது. வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் சதவீதக் குறிகளின் ஊர்வலம்.

கடைக்கு வருவோம். மருதமுனைக் கைத்தறிக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாரிப் படங்கள், விலை, வரைபடம், வாட்ஸ்அப்பில் பேச ஒரு பொத்தான். இதற்கு டேட்டாபேஸும் வேண்டாம், நம் ஹொஸ்டிங்கில் நாமே நிறுவும் வேர்ட்பிரஸ் மென்பொருளும் வேண்டாம். வெறும் எச்டிஎம்எல் கோப்புகளை இலவசமாக வைக்க இடங்கள் இருக்கின்றன. கிட்ஹப் பேஜஸ் அவற்றில் பெயர்போனது. ஆனால் இணைய வியாபாரம் நடத்த அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதன் விதியே சொல்கிறது. அதேபோன்ற வேர்செல் என்ற சேவையின் இலவசத் திட்டமும் வணிகத்துக்கு அல்ல. கிளவுட்ஃபிளேர் பேஜஸில் அந்தத் தடை இல்லை. ஒரு கோப்பு 25 எம்பிக்குள், மொத்தம் 20,000 கோப்புக்குள் இருந்தால் போதும். கைத்தறிக் கடைக்கு இது தாராளம். பக்கத்தை வாசகருக்கு அருகிலிருந்தே அனுப்பக் கொழும்பிலும் அவர்களுக்கு நிலையம் உண்டு, ரொரன்ரோவிலும் உண்டு. ஹேக் செய்யப் பெரிதாக ஒன்றும் இல்லாத தளம் என்பதுதான் எனக்குப் பிடித்த அம்சம். குறை: விலை மாற்ற ஒவ்வொரு முறையும் கோப்பைத் திருத்தத் தெரிந்த ஒருவர் வேண்டும். கடையில் அப்படி யாரும் இல்லையென்றால் இலவசம் என்பதற்காக இதில் இறங்க வேண்டாம்.

முன்பதிவு, வாங்கும் பொருட்களைச் சேர்க்கும் கூடை, ஊழியர்கள் தாங்களே பதிவேற்றுவது என்று வந்துவிட்டால், ஒரே சேர்வரைப் பல தளங்கள் பகிரும் ஷெயார்ட் ஹொஸ்டிங்தான். பொத்துவில் அறுகம்பேயில் விருந்தினர் விடுதி நடத்துபவர், கல்முனையில் உதிரிப்பாகக் கடைக்காரர், எல்லாரும் இங்கேதான் வந்து சேர்வார்கள். ஒரே வளவுக்குள் பல குடும்பம், ஒரே கிணறு. ஒருவர் மோட்டர் போட்டால் மற்றவருக்குத் தண்ணீர் குறையும். 'அன்லிமிட்டெட்' என்று எழுதியிருந்தாலும் கோப்பு எண்ணிக்கைக்கும் சேர்வர் பயன்பாட்டுக்கும் எல்லை போட்டிருப்பார்கள். ஒப்பந்தத்தில் அதை வாசிக்காமல் வாங்காதீர்கள்.

வெளிநாட்டுப் பெரிய கம்பனியா, உள்ளூர்க் கம்பனியா என்பதில்தான் உண்மையான போட்டி. வெளிநாட்டார் பக்கம் மேற்பரப்பில் மலிவு: மாதம் இரண்டு மூன்று டொலர். அந்த விலை மூன்று நான்கு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான். புதுப்பிக்கும்போது அது இரு மடங்கோ மூன்று மடங்கோ ஆகும். அதற்கு மேல் ரூபாவின் கணக்கு. 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தது, மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. வருடம் 60 டொலர் கட்டிய ஒருவருக்கு 12,000 ரூபாச் செலவு 21,000 ரூபாவைத் தாண்டியது. அந்தக் காலத்தில் கார்ட்டில் டொலர் கட்டுவதே பலருக்குப் பெரும்பாடு.

உள்ளூர்க் கம்பனியில் வங்கியில் ரூபா கட்டி ரசீதை அனுப்பலாம், போனில் மனிதக் குரல் கேட்கும். இரண்டும் சின்ன விஷயமல்ல, முக்கியமாகக் கார்ட் இல்லாத கடைக்காரருக்கு. ஆனால் 'ஸ்ரீலங்கன் ஹொஸ்டிங்' என்றதும் சேர்வர் கொழும்பில் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பலர் சிங்கப்பூர், ஜேர்மனி, அமெரிக்காவில் உள்ள சேர்வரை மொத்தமாக எடுத்துத் துண்டு துண்டாக விற்பவர்கள். அதில் தவறொன்றும் இல்லை. சேர்வர் எங்கே, பேக்கப் (தளத்தின் மாற்றுப் பிரதி) எங்கே, நான் விலகினால் முழுக் கோப்பும் தருவீர்களா என்று கேளுங்கள். மழுப்பினால் அடுத்த கடை. வாடிக்கையாளர் பெரும்பாலும் கிழக்கிலேயே இருந்தால் சிங்கப்பூரோ மும்பையோ நல்லது. அமெரிக்க சேர்வர் என்றால் ஒரு தடவை போய்த் திரும்பவே ஏறத்தாழக் கால் செக்கன் எடுக்கும்; ஒரு பக்கம் திறக்க அப்படிப் பல தடவை போய்வர வேண்டும்.

என் தெரிவு: கார்ட்டும் கொஞ்சம் ஆங்கிலமும் இருந்தால் சிங்கப்பூரில் சேர்வர் தரும் வெளிநாட்டுக் கம்பனி, ஒரு வருடத்துக்கு மட்டும். இல்லையென்றால் பேக்கப் பற்றி நேராகப் பதில் சொல்லும் உள்ளூர்க் கம்பனி. டொமைனை மட்டும் அவர்களிடம் வாங்காமல் தனியே வாங்குங்கள். எவராவது பென் டிரைவில் வேர்ட்பிரஸுக்குக் 'காசில்லாத புரோ தீம்' (தளத்தின் வார்ப்புரு) கொண்டுவந்தால் வாங்கிப் போடவே வேண்டாம். அப்படி வரும் கள்ளப் பிரதிகளோடு, ஹேக் செய்பவர் நுழையும் பின்கதவும் சேர்ந்தே வருவது வழக்கம்.

விபிஎஸ், அதாவது நமக்கென்று பிரித்துத் தந்து நாமே பராமரிக்கும் சேர்வர், பற்றிச் சுருக்கமாக. டிஜிட்டல் ஓஷன் கம்பனியில் மாதம் 4 டொலருக்கே 512 எம்பி நினைவகத்தோடு ஒரு சேர்வர் எடுக்கலாம். வேர்ட்பிரஸும் அதன் டேட்டாபேஸும் அதற்குள் மூச்சுத் திணறும். லினக்ஸ் தெரிந்து, வாரந்தோறும் அப்டேட் பார்க்க ஆள் இருந்தால் சரி. கடைக்காரருக்கு வேண்டாத வேலை.

எதை எடுத்தாலும் பேக்கப்பைக் கம்பனியிடம் விட்டுவிட வேண்டாம். 2021 மார்ச் 10ஆம் திகதி பிரான்ஸின் ஸ்திராஸ்பூர்க்கில் ஓவிஎச் என்ற ஹொஸ்டிங் கம்பனியின் சேர்வர்கள் இருந்த டேட்டா சென்ரர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே இடத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். நம் நாட்டில் 2023 ஓகஸ்டில் அரசின் சேர்வர் தொகுதியான லங்கா கவர்ன்மென்ட் கிளவுட், கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்கும் ரான்சம்வேரில் சிக்கி, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீளாமலே போயின. பல ஹொஸ்டிங் கம்பனிகள் தரும் கட்டுப்பாட்டுப் பக்கமான சிபேனலில் முழு பேக்கப்பை ஒரே கோப்பாக இறக்கும் வசதி உண்டு. மாதம் ஒருமுறை இறக்கி கூகிள் டிரைவில் ஒன்று, கடைக் கணினியில் ஒன்று போடுங்கள். புளொக்கரிலும் அமைப்புப் பக்கத்தில் பதிவுகளை இறக்கலாம். படங்கள் அதோடு வராது, அவற்றைத் தனியே சேமிக்க வேண்டும். சிபேனலில் இறக்கிய கோப்பை ஒரு தடவையாவது வேறொரு துணை டொமைனில் விரித்துத் தளம் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.